கண்ணுக்கு இதமான கிண்டில்: புதியது 17,000க்கா, பழையது 6,000க்கா?

கேள்வி: தம்பி, பள்ளத்தூரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியை, வயது 66. இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. போனில் பத்துப் பக்கம் படித்தாலே கண் எரிகிறது. மாதம் இரண்டு நாவலாவது வாங்குவேன். இ-இங்க் திரையில் படித்தால் கண்ணுக்கும் நல்லது, புத்தகச் செலவும் மிச்சம் என்கிறாள் மகள். அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில், பேப்பர்வொயிட் என்கிற மாடலைப் புதிதாக 17,000 ரூபாய்க்கு ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில், அதாவது வட்டியில்லாத் தவணையில், எடுக்கச் சொல்கிறாள். எங்கள் தெருப் பையன் ஒருவன் தன்னுடைய 2018 மாடலை 6,000க்குத் தருகிறானாம். என் கையில் இதற்கென்று 10,000 இருக்கிறது. அப்பச்சி சேர்த்த பழைய புத்தகங்களையும் இதில் ஏற்றலாமா?

பதில்: டீச்சர், மிச்சம் என்கிற கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் வாங்கும் அச்சு நாவல் 250 ரூபாய், அதே நாவல் மின்னூலாக 150 ரூபாய் என்று வையுங்கள். மாதம் இரண்டு நூலுக்கு 200 ரூபாய் மீதமாகும். அப்படியானால் 17,000 திரும்பி வர 85 மாதம், அதாவது ஏழு வருஷம். 6,000 என்றால் 30 மாதம். ஏழு வருஷம் ஒரு பேட்டரி உழைக்கும் என்று நம்பிப் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பேரேட்டில் இதைக் கண்ணுக்கான செலவு என்றே பற்று எழுதுங்கள். அதில் தவறே இல்லை. நாற்பது வருஷம் கரும்பலகையையும் விடைத்தாளையும் பார்த்த கண்ணுக்கு 6,000 ரூபாய் செலவழிக்கலாம்.

அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது? போன் திரை கண்ணுக்குள் ஒளியை அடிக்கிறது. இ-இங்க் திரையில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறித்தான் எழுத்து உண்டாகிறது. காகிதம் போல, மேலே விழும் வெளிச்சத்தில்தான் அது தெரியும். முகப்பில் உட்கார்ந்து பகல் வெயிலிலும் படிக்கலாம். பக்கம் திருப்பும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவாகும் என்பதால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும். எல்லாவற்றையும்விட, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். உங்களுக்கு இது ஒன்றே போதும்.

இஎம்ஐ வேண்டாம். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என 2013லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 235. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆறு மாதத் தவணைக்கு அது ஏறக்குறைய 140. ஆகக் கூடி 375 ரூபாய், ஒரு நாவலின் விலைக்கும் மேலே. அதோடு, கையில் 10,000 இருக்கும்போது 17,000க்கு ஏன் போக வேண்டும்?

பையனுடைய 2018 பேப்பர்வொயிட் நல்ல மாடல். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருப்பதால் ‘ணை’, ‘ஞீ’ எல்லாம் பிசிறில்லாமல் தெரியும், திரைமேல் வெளிச்சம் விழ விளக்கும் உண்டு. 2019க்கு முந்தைய சாதாரண கிண்டிலில் விளக்கே கிடையாது, அதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் பையன் தன் அமேசான் கணக்கை அதிலிருந்து நீக்கியாக வேண்டும். இரவு முழு சார்ஜ் ஏற்றி, மறுநாள் இரண்டு மணி நேரம் படித்துப் பாருங்கள். சார்ஜ் மளமளவென்று இறங்கினால் விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிண்டில் செயலியைப் போனில் இலவசமாகப் போட்டு, படிக்க ஆசைப்படும் பத்து நூல்களைத் தேடுங்கள். நல்ல தமிழ் நூல்கள் பல இன்னும் மின்னூலாகவே வரவில்லை. பத்தில் நாலுகூட இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். சங்க இலக்கியம், பக்தி நூல்கள் என்றால் கவலையே இல்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூல் தொகுப்பு அவற்றை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே தயாரித்த கோப்புகள் உண்டு. இப்படி இலவச நூல் அதிகம் படித்தால் நான் மேலே சொன்ன 30 மாதம் இன்னும் குறையும்.

அப்பச்சியின் புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் ஆறு அங்குலத்தில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அவை அலமாரியிலேயே இருக்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மின்னூலை வாங்கினாலும் அது நம் சொத்து அல்ல, படிக்கும் உரிமை மட்டுமே. 2009இல் அமேசான், விற்ற நூல்களைப் படிப்பவர்களின் கிண்டிலில் இருந்தே அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை காகிதமாக இருந்ததால்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. பேத்திக்குக் கொடுக்க நினைக்கும் நூலை மட்டும் அச்சிலேயே வாங்குங்கள்.

மாதக் கட்டணம் கட்டி நூல்களை எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சந்தா இப்போதைக்கு வேண்டாம். மாதம் இரண்டு நாவல் படிப்பவர் மூன்று மாதம் பழகிய பிறகு யோசிக்கலாம். பையனிடம் 5,000 என்று ஆரம்பியுங்கள், 5,500க்குப் படியும். உறைக்கு ஒரு 500. மீதி 4,000 அஞ்சலகக் கணக்கிலேயே இருக்கட்டும்.