விசிட் விசாவில் போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: நான் பத்தாம் வகுப்பில் தேறவில்லை. ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் பயிற்சி முடித்து, ஐந்து ஆண்டுகளாகப் பட்டறையில் வேலை செய்கிறேன். துபாயில் 1,800 திர்ஹாம் சம்பளத்தில் வேலை இருப்பதாகவும், முதலில் விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். 1,20,000 ரூபாய் கேட்கிறார். அம்மாவின் நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். எனக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பதால் முறைப்படி போனால் மாதக்கணக்கில் இழுக்கும் என்கிறார். நம்பலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் எழுதினீர்களே தம்பி, அதுவே நல்லது. எனக்கு வரும் இத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவை கொடுத்த பிறகு எழுதப்பட்டவை.

விசிட் விசாவில் சென்று, அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஊர்க்காரரின் பேச்சு எடுபடுவதும் அதனால்தான். ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள இ.சி.ஆர். என்ற குறிப்பின் பொருள், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி நீங்கள் முன்அனுமதி பெற வேண்டும் என்பதே. எமிக்ரேஷன் கிளியரன்ஸ் எனப்படும் இந்த அனுமதியை வழங்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சுற்றுலாப் பயணி என்று சொல்லிக் கிளம்பினால் இந்த அனுமதி தேவைப்படாது. அதே காரணத்தால், நீங்கள் எந்த நிறுவனத்துக்கு, என்ன சம்பளத்துக்குப் போனீர்கள் என்ற பதிவும் எங்கும் இராது. விமான நிலையத்தில் சந்தேகம் எழுந்தால் அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம். அங்கே போய்ச் சேர்ந்து, வேலை அனுமதி கைக்கு வருமுன் ஒரு நாள் வெல்டிங் செய்தாலும் அது சட்டமீறல்தான். விசாக் காலம் முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

முறையான வழியில் வரிசை வேறு. முதலில் நிறுவனம் வேலைக்கான கடிதத்தை அனுப்பும். நீங்கள் ஒப்புக்கொண்டபின் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தில் வேலை அனுமதி பெற்று, வேலைக்கான நுழைவு விசாவை எடுக்கும். அதன்பின் இங்கே இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியாக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கப்படும். விமானம் ஏறுவது கடைசியில். ஆவணங்கள் சரியாக இருந்தால் கிளியரன்ஸ் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அல்ல. இதற்காக நீங்கள் எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சம் ரூபாய்க்கானது. இரண்டு ஆண்டுகளுக்கான பிரீமியம் 275 ரூபாய்.

அடுத்தது பணம். உரிமம் பெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். முகவரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை இமைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். ஊர்க்காரர் தம்மிடம் உரிமம் இல்லை, இன்னாரின் ஆள் என்று சொன்னால், அந்த இன்னாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்; சப் ஏஜெண்ட் என்ற ஒருவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதைத் தடை செய்கிறது. ஆகவே ‘விசா காசு’ என்று யார் கேட்டாலும், அது நிறுவனம் ஏற்க வேண்டிய செலவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1,800 திர்ஹாமில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பேசிய தொகையில் பாதிக்கும் குறைவானதை அடிப்படையாகக் காட்டி, மீதியைப் படிகளாக எழுதும் பழக்கம் உண்டு. மாதச் சம்பளத்தில் வித்தியாசம் தெரியாது. ஓவர்டைமுக்கான கூடுதல் 25 சதவீதமும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் அங்கேதான் அடி விழும். முதல் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகும். அடிப்படை 1,500 என்றால் ஓராண்டுக்கு 1,050 திர்ஹாம். 800 என்றால் 560 மட்டுமே. வேலைக்கான கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் அரபு, ஆங்கிலத்தோடு தமிழிலும் தர அந்நாட்டு அமைச்சகம் வழி செய்திருக்கிறது. தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். கடிதத்தில் இருப்பதற்குக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது என்பது அங்குள்ள விதி.

தனியார் முகவரே வேண்டாம் என்று தோன்றினால், சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. வெல்டருக்கு இடம் இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

அங்கே இறங்கியதும் காசநோய்க்காக மார்பு எக்ஸ்ரேயும், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அவற்றில் தேறினால்தான் குடியிருப்பு விசா. பட்டறைப் புகையில் ஐந்தாண்டு நின்றவர் நீங்கள். பக்கத்து மருத்துவமனையில் இப்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அம்மாவின் நகை அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.