வலி மாத்திரை போட்டால் பிரஷர் இறங்குமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஆறு மாதமாக பிரஷர் மாத்திரை எடுக்கிறேன். கிளினிக்கில் 156/96 காட்டுகிறது, வீட்டில் 138/86. "பிரஷருக்கு மூலகாரணமே நரம்பு மண்டலமும் உள்ளே இருக்கும் அழற்சியும்தான்" என்கிறார் நண்பர். முழங்கால் வலிக்காக தினமும் போடும் டைக்ளோஃபெனாக்கே அழற்சியைக் குறைத்துவிடும் அல்லவா? நரம்புக்கு ஒரு வைட்டமினும் சேர்த்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முதலில் அந்த டைக்ளோஃபெனாக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த 'தினமும்'தான். வலி மாத்திரை மூட்டு வீக்கத்தைக் குறைக்கும். பிரஷரையோ பலருக்கு ஏற்றிவிடும். சிறுநீரகம் உப்பை வெளியே தள்ள, உடலே உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் உதவி வேண்டும். இந்த மாத்திரை தடுப்பது அதையேதான். உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். போதாததற்கு, பல பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் இது மழுங்கடிக்கும். உடனே பாராசிட்டமாலுக்குத் தாவிவிடாதீர்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு இரண்டு வாரம் தினமும் 4 கிராம் கொடுத்துப் பார்த்த 2022 ஆய்வில், மேல் அளவு சுமார் 5 பாயிண்ட் ஏறியது. எப்போதாவது ஒன்று போடுவது வேறு கதை.

சரி, நண்பர் சொன்னது தப்பா? முழுக்கத் தப்பில்லை. ஊசி குத்தும் ரத்தக்குழாயையும் நாம் 'நரம்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் நரம்புக்கு மாத்திரை கேட்பவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கே பல நேரம் பிடிபடுவதில்லை. இங்கே பேச்சு, ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பிவிடும் பரிவு (sympathetic) நரம்பு மண்டலம் பற்றியது. அதன் மெல்லிய இழைகள் சிறு தமனிகளின் சுவரைச் சுற்றி ஓடுகின்றன. பயமோ கோபமோ வந்தால் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டி குழாயை இறுக்கும், இதயத்தை விரட்டும், ரெனின் என்ற நொதியைச் சுரக்கும்படி சிறுநீரகத்தை ஏவும். உங்கள் கிளினிக் அளவுக்கும் வீட்டு அளவுக்கும் இடையே உள்ள 18 பாயிண்டில் பெரும்பங்கு இதன் கைவரிசையாகத்தான் இருக்கும். ஆக, இந்த நரம்பு பலவீனமாக இல்லை, அளவுக்கு மீறி உழைக்கிறது. அதற்கு வைட்டமின் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அழற்சி இதற்கு அடுத்த கட்டம். ரெனின் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், குழாயைச் சுருக்குவதோடு நிற்காமல் நோயெதிர்ப்பு செல்களையும் உசுப்பிவிடும். அவை குழாய்ச் சுவரிலும் சிறுநீரகத்திலும் போய்க் குடியேறினால் குழாய் விறைக்கும், உப்பு தேங்கும். அந்த நோயெதிர்ப்பு செல்களில் டி செல், பி செல் என்ற இரண்டு வகையும் இல்லாத எலிகளுக்கு ஆஞ்சியோடென்சின் கொடுத்தபோது அழுத்தம் வழக்கம்போல் ஏறவில்லை; டி செல்களைச் செலுத்தியதும் ஏறியது. இது 2007இல் வந்த ஆய்வு. படித்தபோது எனக்கும் நப்பாசை வந்தது. ஆனால் கானகினுமாப் என்ற அழற்சி தடுப்பு ஊசியை மாரடைப்பு வந்தவர்களுக்குப் போட்டுப் பார்த்து, 2017இல் முடிவு வந்தபோது, மறுபடி மாரடைப்பு வருவது குறைந்திருந்தது. பிரஷர் மட்டும் அசையவே இல்லை.

உங்கள் வீட்டு அளவும் 135/85ஐக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறது. அதனால் ஒரு வாரம் ஒழுங்காக அளந்து எழுதுங்கள். காலை, மாலை, ஒவ்வொரு வேளையும் இரண்டு தடவை. முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, 5 நிமிடம் பேசாமல் இருந்த பிறகு. இந்த 'பேசாமல்' முக்கியம். என்னிடம் வரும் ஒருவர் மகனுடன் போனில் சண்டை போட்டபடியே அளந்து, வாரம் முழுக்க 160, 165 என்று எழுதிக்கொண்டு வந்தார்.

இன்னொன்று, குறட்டை விடுவீர்களா? பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அதே பரிவு நரம்பு ராத்திரி முழுக்க விழித்திருக்கும். ஆமாம் என்று பதில் வந்தால், அளவு எழுதிய தாளோடும் டைக்ளோஃபெனாக் அட்டையோடும் அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு வேறு வழி அவர் பார்ப்பார்.