கார் கதவுக்கு மறு பெயின்ட்: 2,800-க்கும் 8,200-க்கும் நடுவே என்ன இருக்கிறது?

கேள்வி: என்னுடையது 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், சில்வர் நிறம். வீட்டு கேட் தூணில் உரசி, இடதுபக்கப் பின்கதவில் இரண்டு சாண் நீளத்துக்குக் கீறல். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்து, தகடு தெரிகிறது. திருச்சியில் மூன்று இடத்தில் விசாரித்தேன். சாலையோரப் பட்டறையில் 2,800 ரூபாய், ஸ்ப்ரே பூத் (பெயின்ட் அடிக்கும் தூசி புகாத அறை) வைத்திருக்கும் தனியார் ஒர்க்‌ஷாப்பில் 4,500, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரியோடு 8,200 என்கிறார்கள். ஒரே கதவுக்கு ஏன் இத்தனை வித்தியாசம்? நிறம் பழையபடி சேருமா? இன்ஷூரன்ஸில் போடலாமா?

பதில்: வெறும் கீறல் என்றால், நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருப்போம். நகம் இடறாவிட்டால் சேதம் மேலேயுள்ள கிளியர் பூச்சோடு நின்றுவிட்டது என்று பொருள். ரப்பிங்கும் பாலீஷும் போதும், பெயின்ட் வேண்டாம். பெயின்ட் உடையாத ஒடுக்கை, பெயின்ட் அடிக்காமலே உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கதவில் தகடே தெரிவதால் இந்த இரண்டு வழியும் இல்லை. தகடு தெரியும் இடத்தை மழைக்காலம் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். ஓரத்தில் பெயின்டுக்கு அடியில் துரு ஊர ஆரம்பித்தால் வேலையும் செலவும் கூடும்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெயின்டின் அளவு அல்ல. ஒரு கதவின் வெளிப்பக்கத்துக்குக் கலந்து தயாரான பேஸ் கோட் (நிறம் தரும் பூச்சு) 250 மில்லி, அதன் மேலே போகும் நிறமற்ற கிளியர் 200 முதல் 250 மில்லி, பிரைமர் (அடிப்பூச்சு) 200 மில்லி இருந்தால் தாராளம். மூன்று இடத்திலும் அளவு ஏறக்குறைய இதேதான். பெயின்ட் ஏறுவதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் அந்தக் கதவுக்குச் செலவாகிறது, எந்த வகைப் பொருள் போகிறது, எந்த இடத்தில் அடிக்கிறார்கள் என்பதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். வேலை முடிந்த அன்று மூன்று கதவும் ஒன்றுபோலப் பளபளக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

வேலை ஒடுக்கு எடுப்பதில் தொடங்குகிறது. கதவுக்குள்ளே குறுக்கே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓடுவதால் எல்லா இடத்திலும் உள்ளிருந்து தட்ட முடியாது. அப்போது வெளியிலிருந்து தகட்டில் சிறு வாஷரை ஸ்பாட் வெல்டு வைத்து இழுப்பார்கள். முறை சரிதான். ஆனால் அந்தச் சூட்டில் தகட்டின் உள்பக்கப் பூச்சு கருகிவிடும். அதை அப்படியே விட்டால் ஓரிரு மழைக்காலத்தில் உள்ளிருந்து துரு கிளம்பி வெளியே கொப்புளமாக வரும். உள் டிரிம்மைக் கழற்றி, வெல்டு வைத்த இடத்தின் பின்புறம் துருத்தடுப்பு மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. சொல்லாவிட்டால் பெரும்பாலும் நடக்காது.

அடுத்தது பட்டி, அதாவது மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்பும் பசை. இதில்தான் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுகிறது. தகட்டை நன்றாக நிமிர்த்தினால் பட்டி ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். 2 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். நிமிர்த்தச் சோம்பி 5 மில்லிமீட்டர் அப்பினால், கதவை ஓங்கிச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அதிர்வு வாங்கி ஒருநாள் விரிசல் விடும். 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் (இறுக வைக்கும் ரசாயனம்) 2 முதல் 3 கிராம். குறைந்தால் உள்ளே இளகியே இருக்கும். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிப் போட்டால், மிஞ்சிய ஹார்டனர் பல நாள் கழித்து பெயின்டின் மேலே மஞ்சள் கறையாக ஊறி வரும். சில்வரிலும் வெள்ளையிலும் அந்தக் கறை நன்றாகவே தெரியும்.

பட்டியை 80, 180, 320 என்று படிப்படியாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், அதுவும் உலர்வாக. தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது நம் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். தூசி பறக்காது, தாளும் சீக்கிரம் அடைக்காது. ஆனால் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். அந்த ஈரத்தின் மேல் பிரைமர் மூடிவிட்டால் வெயிலில் ஆவியாகி மேலே கொப்புளம் தள்ளும், கீழே தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். புது பெயின்ட் சில மாதத்திலேயே குமிழியிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெயின்ட் கம்பெனியின் மேல் பழி போட வேண்டியதில்லை. தண்ணீர்த் தாள் வேண்டியது பிரைமர் காய்ந்த பிறகுதான். பிரைமர் இரண்டு மூன்று கோட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே 5 முதல் 10 நிமிடம். நன்றாகக் காய்ந்தபின் 600 அல்லது 800 நம்பர் தாள்.

பிரைமரையும் கிளியரையும் பொறுத்தவரை 'டூ-கே'யா என்று கேளுங்கள். அதாவது ஹார்டனர் கலந்து வேதிமுறையில் இறுகும் வகை. 2,800 ரூபாய்க்கு அடிப்பவர் பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகையைத்தான் பயன்படுத்துவார். அது தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. பல வாரம் சுருங்கிக்கொண்டே இருப்பதால் உப்புத்தாள் கோடுகள் மேலே தெரிய வரும், பளபளப்பும் சீக்கிரம் மங்கும். பரிசோதிக்க எளிய வழி உண்டு. வேலை முடிந்து நன்றாகக் காய்ந்த பின், கதவின் உள்மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தின்னர் தொட்ட துணியால் லேசாகத் துடையுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. சரியாக இறுகிய டூ-கே கரையாது.

இனி நிறம். உண்மையைச் சொல்லிவிடுவோம்: வெள்ளையும் கறுப்பும் அடிப்பவருக்குச் சுலபம், சில்வர்தான் கடினம். பெயின்டின் நிறக் குறியீடு காரிலுள்ள தகட்டில் அல்லது ஸ்டிக்கரில் இருக்கும். மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட் 2 எஸ். ஆனால் குறியீடு சரியாக இருந்தால் மட்டும் நிறம் சேர்ந்துவிடாது. சில்வரில் நிறம் கொடுப்பது அலுமினியத் துகள். பெயின்ட் ஈரமாக விழுந்தால் துகள்கள் கீழே அமிழ்ந்து நிறம் கருக்கும். உலர்வாக விழுந்தால் மேலே நின்று வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே ஸ்ப்ரே துப்பாக்கி, அடிக்கும் தூரம் மாறினாலே நிறம் மாறும். திருச்சி மே மாத வெயிலில் வேகமாகக் காயும் தின்னரைப் போட்டால், துளி கதவைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிடும். மெதுவாகக் காயும் தின்னரை எடுத்து, காலை நேரத்தில் அடிப்பவர் விஷயம் தெரிந்தவர்.

அதனால் நேரே கதவில் அடிக்க விடாதீர்கள். முதலில் ஓர் அட்டையிலோ தகட்டுத் துண்டிலோ பேஸ் கோட்டும் கிளியரும் அடித்துக் காயவைத்து, வெயிலில் முன்கதவின் மேல் ஒட்டிப் பாருங்கள். நேராக ஒரு முறை, பக்கவாட்டில் சாய்ந்து ஒரு முறை. நேரே சேர்ந்து சாய்வில் கருத்தால் கலவையை மாற்ற வேண்டும். எவ்வளவு மாற்றியும் மெல்லிய வித்தியாசம் நிற்குமானால், பேஸ் கோட்டை முன்கதவின் பின் ஓரத்திலும் குவார்ட்டர் பேனலிலும் (பின்கதவை அடுத்துள்ள பாடித் தகடு) கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டு, கிளியரை அந்தப் பேனல்கள் முழுக்க அடிப்பார்கள். கண் எல்லையைக் கண்டுபிடிக்காது. செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அட்டைச் சோதனையில் சேர்ந்துவிட்டால் அதற்கு அவசியமில்லை. பாதிக் கதவுக்கு மட்டும் அடித்துக் கிளியரை நடுவில் நிறுத்தும் யோசனைக்கு மட்டும் இணங்காதீர்கள். அந்த விளிம்பு ஒரு வருடத்தில் உரியும்.

உங்கள் மாடலில் ஒரு சௌகரியம் உண்டு. பின்கதவின் கைப்பிடி கண்ணாடிக்குப் பின்னால், மேலே ஒதுங்கியிருக்கிறது. அடிக்க வேண்டிய பரப்பின் நடுவே இடைஞ்சல் இல்லை. கண்ணாடி ஓர ரப்பர் பட்டையை (பீடிங்) கழற்றித்தான் அடிக்க வேண்டும். டேப் ஒட்டி அடித்தால் அந்தக் கோட்டிலிருந்துதான் பெயின்ட் முதலில் கிளம்பும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள் பட்டியாலோ பெயின்டாலோ அடைபடவில்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளியர் பெரும்பாலும் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர், இரண்டு கோட்டு. பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் அன்றே இறுகும். பூத் இல்லாமல் நிழலில் என்றால் ஓரிரவாவது வேண்டும், அதுவரை தூசி ஒட்டும். எனவே பூத் உள்ள இடத்தில் இரண்டு நாள், இல்லாத இடத்தில் மூன்று நான்கு நாள் என்பதே நியாயமான கணக்கு. காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் சாலையோரப் பட்டறை ஏதோ ஒரு படியை விழுங்குகிறது.

இன்ஷூரன்ஸுக்கு வருவோம். சர்வீஸ் சென்டரின் 8,200-ஐ எடுத்துக்கொள்வோம். பெயின்ட் 6,000, ஒடுக்கு எடுக்க 950, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் அந்தத் தொகை வருகிறது. பெயின்ட் பில் மொத்தமாக இருந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். வரியோடு சுமார் 885 ரூபாய். 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டியது 1,000. கைக்கு வருவது 6,300 சொச்சம். இப்போது நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 35 சதவீதம், சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45, பிறகு 50 சதவீதம் தள்ளுபடி. போட்டால் பூஜ்யத்திலிருந்து 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 2,700, 1,800, 1,500, 900, 300. மொத்தம் 7,200 ரூபாய். கார் பழசாகப் பழசாகப் பிரீமியம் குறைவதால் இழப்பும் கொஞ்சம் குறையும். அப்படியும் லாபம் என்று எதுவும் மிஞ்சாது. போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும். இல்லாவிட்டால் ஒற்றைக் கதவுக்குக் கிளெய்ம் வேண்டாம்.

எங்கள் தேர்வு அந்த 4,500 ரூபாய் ஒர்க்‌ஷாப்தான், ஒரு நிபந்தனையோடு: பிரைமர் அடிக்கும் முன் கதவை உங்களுக்குக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் போய்ப் பட்டியின் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். அங்கே இருக்கும் பள்ளத்தைப் பளபளப்பு மறைக்காது, எடுத்துக்காட்டும்.

வீட்டிலேயே ஸ்ப்ரே டப்பாவால் முயல நினைத்தால், டூ-கே கிளியரை மட்டும் தொடாதீர்கள். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. துணி முகக்கவசம் அதற்கு எந்தத் தடையும் இல்லை.

வண்டியை எடுக்கும்போது ட்யூப் லைட்டின் கீழே பார்த்துப் பணம் கொடுக்காமல், வெயிலில் நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு வாரம் கழுவ வேண்டாம், ஒரு மாதம் வாக்ஸோ கோட்டிங்கோ வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் உடனே தண்ணீரால் துடைத்துவிடுங்கள். மீந்த பேஸ் கோட்டில் 50 மில்லியை இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் வாங்கி, கலவை அளவு எழுதிய சீட்டையும் அதோடு ஒட்டி வையுங்கள். அடுத்து ஒரு சிறு கல் தெறித்தால் மெல்லிய தூரிகையால் நீங்களே தொட்டுக்கொள்ளலாம்.