நாற்பதில்தான் ஓட்டுகிறேன், புது பைக்கில் ஏபிஎஸ்ஸுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கொடுங்கள், தம்பி. நாளை ஷோரூமில் முன்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கேள்வி இது: எர்ணாவூரில் வீடு, பாரிமுனையில் வேலை. வாங்கப்போவது 125 சிசி வண்டி. ஒரே மாடலில் இரண்டு வகை. ஒன்றில் சிபிஎஸ், அதாவது முன், பின் பிரேக்குகளைச் சேர்த்துப் பிடிக்க வைக்கும் அமைப்பு. இன்னொன்றில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. ஏபிஎஸ் உள்ளது ஒன்பதாயிரம் கூடுதல். விற்பனையாளர், "சிபிஎஸ்ஸே போதும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்கிறார். உங்கள் மாமா, "முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் எதுவும் தேவையில்லை" என்கிறார். நீங்களோ மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே இல்லை.

அந்த நாற்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2017இல் காசிமேட்டில் நான் விழுந்தபோது வேகம் முப்பதுகூட இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகள் போன தடமெங்கும் தண்ணீர் சொட்டியிருந்தது. அதில் செதிலும் கொழுப்பும் கலந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் சாலை பளபளத்தது. முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய ஓர் அம்மாவுக்காக நட்டநடுவில் நின்றது. என் நான்கு விரல்களும் முன் பிரேக் லீவரை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டன. மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. சக்கரம் சுழல்வது நின்றது, வண்டி நிற்கவில்லை. ஹேண்டில் இடப்பக்கமாக மடங்கியது. கண் திறந்தபோது ஹெல்மெட் கண்ணாடிக்கு முன்னால் யாரோ தவறவிட்ட ஒரு சங்கரா மீன் கிடந்தது. அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கிளட்சை வலியில்லாமல் பிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

அந்த வண்டி 150 சிசி. முன்னால் நல்ல டிஸ்க் பிரேக் இருந்தது, ஏபிஎஸ் இல்லை. அந்த டிஸ்க்தான் என்னைக் கீழே தள்ளியது என்றுகூடச் சொல்வேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருவொற்றியூர் புல்லட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நாற்பது வருடம் டிரம் பிரேக்கில் ஓட்டினேன், ஒருநாளும் வாரிவிட்டதில்லை" என்பார். அவர் சொல்வது உண்மை. அந்தக் கால டிரம், முழங்கை வலிக்க அழுத்தினாலும் முன் சக்கரத்தை அவ்வளவு எளிதில் நிறுத்தாது. இன்றைய டிஸ்க் இரண்டு விரலுக்கே கவ்விக்கொள்ளும். காய்ந்த சாலையில் அது வரம். ஈரத்தில், பயந்த கையில் அதுவே ஆபத்து. இவ்வளவு பலமான பிரேக்கைக் கையில் கொடுத்த பிறகு, அதைக் கண்காணிக்க ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஏபிஎஸ் செய்வது அந்தக் கண்காணிப்பைத்தான். சக்கரத்தில் டிஸ்க்கை ஒட்டி, வரிசையாகத் துளைகள் இட்ட ஒரு சிறு வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சென்சார். சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வண்டி குறையக்கூடிய வேகத்தைவிடச் சக்கரம் திடீரென்று குறைந்தால், பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே ஒரு வால்வு பிரேக் ஆயிலின் அழுத்தத்தைச் சற்றே விடுவிக்கும். சக்கரம் மறுபடி உருண்டதும் அழுத்தத்தைத் திரும்பக் கொடுக்கும். இது ஒரு நொடிக்குள் பல முறை நடக்கும். "விட்டு விட்டுப் பிடித்தால் நாமே செய்துவிடலாம்" என்பவர்கள் உண்டு. நிதானமாக இருக்கும்போது அப்படிச் செய்யலாம். குறுக்கே ஆள் வரும்போது எந்தக் கையும் விட்டு விட்டுப் பிடிக்காது, இறுகத்தான் பிடிக்கும்.

உருண்டுகொண்டிருக்கும் டயருக்குச் சாலையோடு பிடிப்பு உண்டு, ஹேண்டில் சொன்ன பக்கம் திரும்பும். நின்றுபோய்த் தேயும் டயருக்குப் பிடிப்பு குறைவு, திசையும் கிடையாது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வாலை ஆட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் கண் இமைப்பதற்குள் தரையில் இருப்போம். அதனால்தான் ஒற்றைச் சேனல், அதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் அதை முன் சக்கரத்துக்குக் கொடுக்கிறார்கள். 125 சிசியில் உங்களுக்குக் கிடைப்பதும் அநேகமாக அதுதான். இரண்டு சக்கரத்துக்கும் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்காக வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி விற்பனையாளர் சொன்னது. சிபிஎஸ் வேறு, ஏபிஎஸ் வேறு. பின் பிரேக் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிப்பது சிபிஎஸ். முன் பிரேக்கையே தொடாதவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் சக்கரம் சுழல்கிறதா, நின்றுவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. சென்சாரே கிடையாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், 125 சிசி வரை உள்ளவற்றுக்கு இரண்டில் ஒன்று போதும் என்று விதி வந்தது. விலையை மனத்தில் வைத்து வகுத்த எல்லை அது என்பது என் எண்ணம். 125 சிசி வண்டிக்கு மட்டும் ஈரச்சாலை வழுக்காமல் இருக்கப்போவதில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லி வண்டி விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. தெரிந்து சொன்னாலும் தவறு, தெரியாமல் சொன்னாலும் தவறு.

மாமாவிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி, சுமார் 70 சதவீதம், முன் சக்கரத்துடையது. நாற்பதில் போகும்போது காய்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால், பிடித்த இடத்திலிருந்து சுமார் 9 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண் பார்த்துக் கை பிடிப்பதற்குள் ஒரு நொடி ஆகும், அதில் 11 மீட்டர் ஏற்கெனவே போயிருக்கும். மழை பெய்திருந்தால் எல்லாமே நீளும். மாமா விழுந்துவிடுவோம் என்று பயந்து முன் பிரேக்கை ஒதுக்கியிருக்கிறார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. ஏபிஎஸ் இருந்தால் அந்தப் பயமின்றி முன் பிரேக்கைப் பயன்படுத்தலாம்.

உங்கள் வழியைப் பார்ப்போம். எண்ணூர் விரைவுச் சாலை எனக்கு மனப்பாடம். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினான்கு வருடமாக வேலை. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு அடியில் ஆயிலும் டீசலும் சொட்டிச் சொட்டி, சாலையின் இடது ஓரம் கறுத்துக் கிடக்கும். கரித்தூளும் சாம்பலும் அதன்மேல் படியும். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து போடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து உங்கள் எர்ணாவூர்த் தெருக்களில் புகுந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெயில் காலம் முழுக்கச் சேர்ந்த அழுக்கின்மேல் முதல் மழை விழும் அரைமணி நேரம் இருக்கிறதே, அதைப்போல வழுக்கும் நேரம் வேறில்லை. நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால்கூடப் பரவாயில்லை. தூறலைத்தான் நம்பக்கூடாது. இந்தச் சாலையில் பூட்டிக்கொள்ள எண்பது வேகம் தேவையில்லை. இருபத்தைந்து போதும்.

2020இல் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் உள்ள 160 சிசி வண்டி வாங்கினேன். இரண்டு வருடம் அது இருப்பதே தெரியவில்லை. 2022 நவம்பரில் ஒரு மாலை, தூறல், பின்னால் என் மனைவி. வரிசையாக நின்ற இரண்டு டிரெய்லர்களின் இடுக்கிலிருந்து ஒரு பையன் சட்டென்று வெளியே வந்தான். லாரி கிளீனராக இருக்க வேண்டும். கையில் பாலித்தீன் பையில் பார்சல் டீ. காசிமேட்டில் இழுத்த அதே இழுப்பு இழுத்தேன். ஐந்து வருடத்தில் கை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை லீவர் விரல்களுக்கு அடியில் தடதடவென்று அதிர்ந்தது, உள்ளே ஒரு வண்டு சிக்கிக்கொண்டதுபோல. பின் சக்கரம் ஒரு சாண் விலகியது, அதற்கு ஏபிஎஸ் கிடையாது. முன் சக்கரம் நேராகவே போய் நின்றது. அந்தப் பையனுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். டீப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். என் மனைவி என் தோளைப் பிடித்திருந்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

என் அனுபவம் ஒன்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பீர்கள். நியாயம். மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் வந்தது 1988இல், பிஎம்டபிள்யூ கே100 வண்டியில். இந்தியத் தயாரிப்பில் 2011 வாக்கில் அப்பாச்சி ஆர்டிஆர் 180இல் வந்தது. ஆக, இது சோதனை நிலையில் இருக்கும் சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஒரே மாடலை ஏபிஎஸ்ஸுடனும் ஏபிஎஸ் இல்லாமலும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஏபிஎஸ் உள்ளவை உயிரிழப்பு விபத்துகளில் சிக்குவது 22 சதவீதம் குறைவு என்று 2021இல் சொன்னது. அங்கே ஓடுவது பெரிய வண்டிகள், அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் ஒரு கருவி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கிறது என்றால், ஒன்பதாயிரத்துக்கு அதைவிடப் பெரிதாக வண்டியில் வேறு எதுவும் கிடைக்காது. தவணையில் எடுத்தால் மூன்று வருடத்துக்கு மாதம் முந்நூற்றுச் சொச்சம். கையில் காசு குறைந்தால் கிராஷ் கார்டு, சீட் கவர், ஸ்டிக்கர் என்று ஷோரூமில் தலையில் கட்டும் உதிரிகளை வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதிப் பணம் அதிலேயே வந்துவிடும்.

ஏபிஎஸ் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். உதிரி மணலிலும் ஜல்லியிலும் நிற்கும் தூரம் கொஞ்சம் கூடவே செய்யலாம். வளைவில் சாய்ந்தபடி போகும்போது இந்த விலை வண்டிகளில் உள்ள ஏபிஎஸ் முழுமையாகக் காப்பாற்றாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். மொட்டை டயருக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டயரில் பிடிப்பு இருந்தால்தானே அது பங்கு போட்டுக் கொடுக்கும்? ஏபிஎஸ் இருக்கிறது என்று டிரெய்லரின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறவர்களை தினமும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சென்சாரைச் சுற்றிச் சேறு அப்பியிருந்தால் கழுவிவிடுங்கள். சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும், வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை, சாதாரண பிரேக் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். டெலிவரி எடுக்கும் அன்றே இந்த விளக்கைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு வேலை மட்டும் நீங்கள் செய்தே ஆக வேண்டும். லீவர் முதன்முறை அதிரும்போது ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து கையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டால் பிரேக்கே இல்லை. அந்த அதிர்வு முன்கூட்டியே கைக்குப் பழகியிருக்க வேண்டும். எங்கள் யார்டுக்குப் பின்னால் ஒரு காலி சிமெண்ட் தளம் இருக்கிறது, நான் அங்கேதான் பழகினேன். ஆள் நடமாட்டமில்லாத அப்படி ஓர் இடத்தில், ஞாயிறு காலையில், ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, வண்டியை நேராக வைத்து, முதலில் இருபதில் போய் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். பிறகு முப்பதில் இன்னும் இறுக்கமாக. கிளட்சையும் சேர்த்துப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, வண்டி நிற்கும்வரை லீவரை விடாதீர்கள். பழகியதும் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்ப நடந்து வந்து தரையைப் பாருங்கள். பின் டயர் பூட்டிக்கொண்டிருந்தால் கறுப்பாக ஒரே நீளக் கோடு இழுத்திருக்கும். முன் டயரின் தடம் மங்கலாக, விட்டு விட்டுத் தெரியும். தெரியாமலே போனாலும் போகலாம். அக்டோபர் மழை தொடங்குவதற்குள் ஒரு பத்துத் தடவையாவது இதைச் செய்துவிடுங்கள்.