அம்மாவின் பெயர் என்னோடு முடிந்துவிடுமா?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 61 வயது. நாலு மாதத்துக்கு முன்பு என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் அம்மா தனபாக்கியம் போன வருடம்தான் தவறிப்போனார். அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மகளும் மருமகனும் தியா என்று வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "அது கிழவிப் பேரும்மா, கூடப் படிக்கிற பசங்க கிண்டல் பண்ணுவாங்க" என்றாள். அந்தச் சொல் இன்னும் காதிலேயே நிற்கிறது.

யாரும் பக்கத்தில் இல்லாதபோது குழந்தையைத் "தனம்" என்று கூப்பிட்டுக் கொஞ்சுவேன். ஒருநாள் மகள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மாவின் பெயரைச் சொல்ல இனி யாருமே இல்லை என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. நான் செய்தது தப்பா?

மகளுக்கு சங்கீதா என்று பெயர் வைத்தது நான்தான். மாமியார் தன் அம்மாவின் பெயரை வைக்கச் சொன்னார். ரொம்பப் பழசு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் இப்போது ஞாபகம் வந்து குடைகிறது.

வணக்கம் அம்மா,

நீங்கள் எதிர்பார்த்ததில் தப்பே இல்லை. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று, பெயர்த்திதான் பேத்தி. பாட்டியின் பெயர் பேத்திக்கு வரும் என்ற ஆசை நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் மாமியாரைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதியதையும் பாருங்கள். அன்று உங்கள் காதுக்குப் பழசாகக் கேட்டதும், இன்று மகளின் காதுக்குப் பழசாகக் கேட்பதும் ஒரே விஷயம்தான். ஒரு பெயரை யாரிடம் கேட்டுப் பழகினோமோ, அவர்களுடைய வயது அந்தப் பெயரில் ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்குத் தனபாக்கியம் என்றால் உங்களை இடுப்பில் தூக்கி வைத்திருந்த இளம்பெண். சங்கீதாவுக்கு அவர் எப்போதுமே பாட்டி. அவளுக்குத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் அந்தப் பெயர் இருந்திருக்காது. அடிக்கடி எதிர்ப்படுவது மெல்ல மெல்லப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் எழுதினார். தியா போன்ற சின்னப் பெயர்களைத்தான் அவள் சுற்றிலும் கேட்கிறாள்.

போன பெயர் திரும்பி வருவதும் உண்டு. அமெரிக்காவில் 1880-ல் பெண் குழந்தைகளின் பெயர்களில் எம்மா மூன்றாம் இடத்தில் இருந்தது. 1970-களில் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தது. 2008-ல் முதலிடத்துக்கே வந்துவிட்டது. அதைக் கிழவிப் பெயராகக் கேட்டவர்கள் குறைந்த பிறகு, புதுக் காதுகளுக்கு அது அழகாகக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் தூக்கத்துக்கு வருவோம். அம்மா போய் இன்னும் அதிக நாள் ஆகவில்லை. அந்தத் துக்கம் முழுவதையும் ஒரு கைக்குழந்தையின் பெயரில் இறக்கி வைக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மறைவாகத் தனம் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். இதைக் கண்டிப்பாகத்தான் சொல்கிறேன். உங்களுக்கு அது கொஞ்சல். மகளுக்கோ, "உன் முடிவை நான் மதிக்கவில்லை" என்று கேட்கிறது.

அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பெயரை மாற்றச் சொல்ல வேண்டாம். "அம்மா ஞாபகமாகவே இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவளும் பாட்டியை இழந்தவள்தான். மாமியாரிடம் நீங்கள் மறுத்த கதையையும் சொல்லுங்கள். நீங்களும் ஒருகாலத்தில் அவள் இடத்தில் நின்றவர் என்பது அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம். அப்புறம், பாட்டி ஆவதற்கு முந்தைய தனபாக்கியத்தைப் பற்றிப் பேசுங்கள்: எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெண்ணை சங்கீதா பார்த்ததே இல்லை. தியாவுக்குக் கதை கேட்கும் வயது வந்ததும் அவளுக்கும் சொல்லலாம். அப்போது அந்தப் பெயரை உரக்கவே சொல்லுங்கள்.

இன்னும் சில வாரங்களுக்குத் தூக்கம் இப்படியே கெட்டால், நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.