தண்ணீரை அளந்த பிறகே விதையை எடுங்கள்: வீட்டுத் தோட்டம், வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீர்த் தட்டுப்பாட்டையும், பட்டம் தவறிப் பெய்யும் மழையையும் பற்றியவையாக இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஐந்து நாள்களுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. வீட்டுச் செலவு போக, 200 லிட்டர் பேரல்கள் இரண்டை மட்டும் தோட்டத்துக்கு ஒதுக்க முடியும். கொல்லையில் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. என்னென்ன பயிரிடலாம்?
– வாசகி, அருப்புக்கோட்டை

என்ன பயிரிடலாம் என்பதற்கு முன்னால், எவ்வளவு இடத்தில் பயிரிடலாம் என்பதைப் பார்த்துவிடுவோம். கோடையில் செடிகளும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீரை இழப்பதாகக் குறைத்தே கணக்கிட்டாலும், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வேண்டும். இரண்டு சென்ட் என்பது ஏறத்தாழ 81 சதுர மீட்டர். அவ்வளவு இடத்திலும் பயிர் வைத்தால் ஒரு நாளைக்கே 400 லிட்டர் தேவைப்படும். உங்களிடம் ஐந்து நாள்களுக்கு இருப்பதே அந்த 400 லிட்டர்தான். எனவே கோடையில் நீங்கள் 16 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 170 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. முதல் ஆண்டில் 120 சதுர அடியோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. இடம் இருக்கிறதே என்று விதைத்துவிட்டுப் பாதிப் பயிரைக் காயவிடுவதைவிட, சின்ன இடத்தில் முழுதாகக் காய் பறிப்பதே மேல்.

பாத்தியைச் சுற்றியுள்ள தரையைவிட நான்கு விரற்கடை தாழ்வாக, பள்ளப் பாத்தியாக அமையுங்கள். இப்போது எல்லோரும் மேட்டுப்பாத்தி போடுகிறார்கள். மழை மிகுந்த இடத்துக்கு அது பொருந்தும், வறண்ட ஊரில் மேடு நான்கு பக்கமும் காய்ந்துபோகும். விதை முளைத்து ஒரு சாண் உயர்ந்ததும் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை என்று எது கிடைக்கிறதோ அதை இரண்டு மூன்று அங்குல கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சிறிது இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் தண்டு அழுகும், கரையானும் ஏறும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் பானைப் பாசனம் செய்து பாருங்கள். வண்ணம் பூசாத, சுட்ட மண்பானையை வாங்கி, முதலில் நீர் நிரப்பி ஓரிரவு வையுங்கள். காலையில் பானையின் வெளிப்புறம் முழுவதும் ஈரம் பூத்திருந்தால் அது கசியும் பானை. உலர்ந்தே இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. கசியும் பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நான்கு நாற்றுகளை நடுங்கள். மண் காயும்போது பானை நீரை விடும், ஈரமாக இருக்கும்போது நிறுத்திக்கொள்ளும். வேர்களும் பானையைத் தேடி வந்து படரும். கொசு முட்டையிடாதபடி வாயை மூடி வைக்க மறக்காதீர்கள். பேரல்களுக்கும் இது பொருந்தும்.

பயிர்களில் கொத்தவரைக்கு முதலிடம் கொடுங்கள். காய்கறிகளில் வறட்சியை இவ்வளவு தாங்குவது வேறொன்று அரிது. அடுத்தது தட்டைப்பயறு, அதற்கடுத்து வெண்டை. வேலியோரத்தில் முருங்கை, சுண்டை, பிரண்டை ஆகியவற்றை வைத்துவிட்டால், வேர் பிடித்த பின் அவை உங்களிடம் அதிகம் கேட்கமாட்டா. கீரை மேல்மண்ணில் வேர்விடுவதால் நாள்தோறும் ஈரம் வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைச் சேர்த்து வைத்து ஒரு சிறு பாத்தியில் அரைக்கீரை போடுங்கள். வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளிப் பல மாதம் எடுக்கலாம். சோப்பு கலந்த நீர் வாழைக்குப் போகட்டும், கீரைக்கு வேண்டாம்.

மாடியில் பைகளில் கத்தரி, வெண்டை வைத்திருக்கிறேன். காலை மாலை இரு வேளையும் ஊற்றியும் பகல் 12 மணிக்கு இலைகள் தொங்கிவிடுகின்றன. தண்ணீர் போதவில்லையா?
– வாசகர், சென்னை பெரம்பூர்

மாலை ஐந்து மணிக்கு இலைகள் தாமாக நிமிர்ந்துவிடுகின்றனவா என்று பாருங்கள். நிமிர்ந்தால் அது உச்சி வெயிலின் வாட்டமேயன்றி நீர்க்குறைவு அன்று. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாதீர்கள். வாட்டத்தைக் கண்டு மேலும் மேலும் ஊற்றி வேரை அழுகவிடுவது மாடித் தோட்டங்களில் மிகுதியாக நடக்கிறது.

உங்கள் செடிகளைத் துன்புறுத்துவது வேரில் ஏறும் சூடு. வெயில் நேரே படும் பையின் பக்கச் சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துவிடுகின்றன. பைகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வைத்து, மேற்குப் பக்க வரிசையைப் பழைய சாக்கால் போர்த்துங்கள். தளத்தின் சூடு ஏறாதபடி செங்கல் மீது தூக்கி வையுங்கள். பங்குனி முதல் ஆனி வரை 50 சதவீத நிழல்வலை கட்டலாம். ஆனால் மழை மேகம் கூடிய பின்னும் பலர் வலையை அவிழ்ப்பதில்லை. அப்போது செடி நெட்டையாக வளருமே தவிரக் காய்க்காது.

பையில் தென்னை நார்க்கழிவு அதிகமாக இருந்தால் மற்றொரு சிக்கலும் உண்டு. அது ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து அடியில் வெளியேறும், நடுவில் வேர்க்கட்டி உலர்ந்தே இருக்கும். அரைப் பங்கை ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றினால் முழுவதும் நனையும். புதிய நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதிலுள்ள உப்பை நீக்கிய பிறகே பையில் நிரப்ப வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?
– வாசகி, சேலம்

உள்ளே போகும் நீர் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. மூன்று குடம் நீரில் ஒன்று குடிநீராகி இரண்டு வெளியேறுவதாகக் கொண்டால், மூன்று குட நீரின் உப்பில் பெரும்பகுதி அந்த இரண்டு குடத்தில் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டுக்கு வருவது டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 500 உள்ள குழாய்நீர் என்றால் கழிவுநீரில் 750 இருக்கும், தாராளமாக ஊற்றலாம். 1,500 உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் கழிவில் 2,250 ஆகிவிடும். அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், இலையின் நுனியும் விளிம்பும் கருகும்.

அத்தகைய நீரை மழைநீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கொத்தவரை உப்பை நன்கு தாங்கும், தட்டைப்பயறு ஓரளவு தாங்கும். பீன்ஸ், வெங்காயம், கேரட் தாங்கமாட்டா. பெருமழை பெய்யும் நாளில் பைகளை மூடிப் பாதுகாக்காமல் மழையில் விட்டுவிட்டால், சேர்ந்திருக்கும் உப்பு கழுவிப் போய்விடும்.

மழைநீரைச் சேமிக்க இடமில்லை என்று இதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 20 மி.மீ. மழை பெய்தால் விழுவது 1,850 லிட்டருக்குக் குறையாது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அந்தக் குழாய் நிலத்துக்குள் இறங்கும் வழியில் ஒரு பேரலை வைத்து, முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஏப்ரலில் தக்காளிப் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. பிடித்த சில காய்களும் அடிப்பக்கம் கறுத்து அழுகின. முட்டை ஓடு போட்டும் பயனில்லை.
– வாசகர், திருச்சி

இவை இரண்டு தனித்தனிக் குறைகள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியமிழந்து பூ உதிரும். திருச்சியின் சித்திரை மாதத்தில் இதற்கு மருந்தில்லை. ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு, மார்கழி முதல் மாசி வரை காய் எடுப்பதுதான் வழி. கோடையில் தக்காளிக்குச் செலவிடும் நீரைக் கத்தரிக்குக் கொடுங்கள்.

அடி கறுப்பது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால். மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், நீரோடு சேர்ந்துதான் அது செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் அந்த ஓட்டம் அறுபடுகிறது. முட்டை ஓடு மக்கிச் சத்தாவதற்கு நெடுங்காலம் ஆகும். மூடாக்குப் போட்டு, நாள்தோறும் ஒரே அளவில் நீர் விடுங்கள்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்வார்கள். ஆடியில் விதைத்தால் ஆவணியில் காய்கிறது, ஐப்பசியில் விதைத்தால் வெள்ளத்தில் அழுகுகிறது. 2023 டிசம்பரில் தோட்டமே போய்விட்டது. இனியும் பட்டம் பார்ப்பதில் பொருள் உண்டா?
– வாசகர், திருச்செந்தூர்

உங்கள் வருத்தம் நியாயமானது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2023 டிசம்பரில், உங்களுக்கு அடுத்த ஊரான காயல்பட்டினத்தில், ஓராண்டு மழையை விஞ்சி ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எட்டு ஆண்டுகளுக்குள் இவ்விரண்டையும் பார்த்த ஒருவர் பட்டத்தை ஐயுறுவதில் வியப்பில்லை.

ஆயினும் ஆடிப்பட்டம் என்பது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும் விதி அன்று. தென்மேற்குப் பருவமழை ஓரளவு கிட்டும் வட மாவட்டங்களில் ஆடி விதைப்பு மானாவாரியாகவே, அதாவது மழையை மட்டும் நம்பியே தேறும். உங்கள் கடற்கரையோ மழைமறைவில் கிடக்கிறது. அங்கே நம்பத் தகுந்தது வடகிழக்கு மழை ஒன்றே. தென்மாவட்டக் கரிசல் மானாவாரியில் புரட்டாசிப் பட்டம் பார்த்து விதைப்பதும் இதனால்தான். ஊருக்குரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் தேதியை மட்டும் தளர்த்திக்கொள்வதே இன்றைக்குச் செய்யத்தக்கது.

விதையை மூன்று பங்காகப் பிரித்து, பதினைந்து இருபது நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதையுங்கள். ஒரு தவணை காய்ந்தாலும் ஒரு தவணை நனைந்தாலும் மற்றொன்று மிஞ்சும். கத்தரி, மிளகாய் ஆகியவற்றை ஆவணி இறுதியில் நிழலில் குழித்தட்டில் நாற்றாக வளர்த்துக்கொள்ளுங்கள். நாற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாளொன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீரே போதும். மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனையும் முதல் மழைக்குப் பின் நடுங்கள்.

கோடையில் பள்ளப் பாத்தி நல்லது என்று மேலே எழுதினேன். அதே பாத்தி கார்த்திகையில் குளமாகிவிடும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மண்ணை வெட்டி அணைத்துப் பாரும் (நீள மேடும்) வாய்க்காலுமாக மாற்றி, செடி பாரின் மேல் நிற்கும்படி செய்து, வாய்க்காலுக்குக் கடைசியில் ஒரு வடிகால் திறந்துவிட வேண்டும். ஆண்டுக்கு இரு முறை மண்வெட்டி பிடிக்கும் இந்த வேலையை யாரும் விரும்புவதில்லை. ஆனாலும் இதைச் செய்தவர்களின் செடிகள் சாதாரணப் பெருமழைக்குத் தப்பி நிற்கும். வெள்ளம் புகுந்துவிட்டாலோ, நீர் வடிந்த உடனே உரமிடாதீர்கள். மேல்மண் பொருபொருவென ஆனதும் லேசாகக் கொத்திவிட்டு, சாக்கடை கலந்த நீர் பட்ட கீரைகளை உண்ணாமல் பிடுங்கி எறிந்து, பிறகு புதிதாக விதையுங்கள்.

கோடையில் காய்த்த சுரைக்காய் கசக்கிறது. உப்புப் போட்டு வேகவைத்தால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

ஆகாது. உண்ணவே உண்ணாதீர்கள். நீர்க்குறைவிலும் கடும் வெப்பத்திலும் சுரை, வெள்ளரி போன்ற கொடிகளில் குக்கர்பிட்டேசின் என்னும் கசப்பு நஞ்சு கூடுகிறது. வேகவைத்தாலும் அது நீங்காது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் இரத்த வாந்தி எடுத்ததும் உயிரிழந்ததும் உண்டு. சமைக்குமுன் நுனியில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை எருக்குழியில் போடுங்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம்.

தை மாதம் போட்ட பந்தல் அவரை ஆனி முடிந்தும் பூக்கவில்லை. கொடி மட்டும் காடாகப் படர்ந்திருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பந்தல் அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் காய்க்கும். தையில் போட்டது பல மாதம் வெறுமனே நீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்கும். இப்போது கொடியை இடுப்பளவுக்குக் கவாத்து செய்து, தொழுவுரம் வைத்துவிடுங்கள். பருவம் வந்ததும் பூக்கும். ஆண்டு முழுவதும் அவரை வேண்டுமென்றால், பகலின் நீளத்தைப் பார்க்காத செடி அவரை ரகத்தைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

வறட்சியைத் தாங்கும் விதை எங்கே கிடைக்கும்?
– வாசகி, புதுக்கோட்டை

உங்கள் தோட்டத்திலேயே கிடைக்கும். இந்தக் கோடையில் மற்றவை வாடியபோது எந்த வெண்டைச் செடி நின்று காய்த்ததோ, அதில் நடுத்தண்டில் வந்த இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்) என்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல் வராது, எனவே நாட்டு ரகத்தில்தான் இது பயன்படும். வெண்டை, கத்தரி, அவரை ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால் குணம் அதிகம் மாறாது. சுரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றில் தேனீ அக்கம்பக்கத்துக் கொடியின் மகரந்தத்தையும் கொண்டுவரும் என்பதால், பெண்பூவைக் கையால் மகரந்தம் சேர்த்து மெல்லிய துணியால் கட்டிவைக்க வேண்டும். முற்றி உலர்ந்த விதையை நிழலில் காயவைத்து, சலித்த சாம்பல் கலந்து, இறுக மூடும் புட்டியில் இட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். விதைக்கும் பட்டத்துக்குப் பத்து நாள் முன்பாகப் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து முளைப்புப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு ஒரு விதை கூட்டிப் போடுங்கள்.