சூடு தாங்கும் நொதியும் சூடு தாங்காத மணியும்

கேள்வி: 65 டிகிரி செல்சியஸிலும் கெடாத பீட்டா கேலக்டோசிடேஸை (பால் சர்க்கரையான லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைக்கும் நொதி) ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிகளுக்குள் அடைத்துப் பயன்படுத்துகிறேன். மூன்றாவது சுற்றிலேயே வேகம் பாதியாகிவிடுகிறது. வெப்பம் தாங்கும் நொதி ஏன் இப்படிக் கெடுகிறது?

பதில்: பெரும்பாலும் அது கெட்டிருக்காது, வெளியேறியிருக்கும். வினை பாதி நடந்ததும் மணிகளை வடித்தெடுத்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் அதே சூட்டில் இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். குளுக்கோஸ் தொடர்ந்து ஏறினால் நொதி கசிந்துவிட்டது என்று உறுதி. ஆல்ஜினேட் வலையின் கண்கள் பல இடங்களில் நொதி மூலக்கூறைவிடப் பெரியவை. சூடு ஏற ஏறக் கசிவும் விரைவாகும்.

உங்கள் பஃபர் (pH மாறாமல் காக்கும் கரைசல்) எது என்றும் பாருங்கள். பாஸ்பேட்டோ சிட்ரேட்டோ என்றால், மணியைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தை அதுவே பிடுங்கிக்கொள்ளும். முதல் நாள் விரலில் அழுத்தினால் துள்ளிய மணி, பிறகு ஊதிப்போய் நசுங்கும்.

இந்தச் சூட்டுக்கு நொதியை அடைத்துவைப்பதைவிட வேதிப்பிணைப்பால் கட்டிவைப்பதே மேல். 2 சதவீதக் கைட்டோசானை (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறுகிய மணிகளை நடுநிலை வரும்வரை கழுவி, pH 7 பாஸ்பேட் பஃபரில் கலந்த 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் (மணியையும் நொதியையும் பிணைக்கும் ஆல்டிஹைடு) 1 மணி நேரம் வைத்தால் மஞ்சளாகும். கையுறையும் புகைப்பெட்டியும் கட்டாயம். மிச்ச ஆல்டிஹைடு போகக் கழுவியபின் நொதிக் கரைசலில் இட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாக உருட்டுங்கள். கடைசியில் 0.5 மோலார் உப்புநீரால் கழுவினால், பிணையாமல் வெறுமனே ஒட்டியிருப்பது போய்விடும்.

பலர் தவறுவது இங்கேதான்: நொதிக் கரைசலில் டிரிஸ், கிளைசின், அம்மோனியம் சல்பேட் எதுவும் இருக்கக் கூடாது. நொதியிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் போக வேண்டிய ஆல்டிஹைடை அவை முந்திக்கொள்ளும். முதலில் டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றுவது) செய்துவிடுங்கள்.

கேள்வி: புரதத்தில் 90 சதவீதம் பிணைந்துவிட்டது. செயல்திறனோ கால்வாசிதான். ஏன்?

பதில்: பிணைந்த புரதமெல்லாம் வேலை செய்யும் புரதம் அல்ல. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டது நல்லது. இப்போது சில மணிகளை நசுக்கி மறுபடி அளந்து பாருங்கள். செயல்திறன் சட்டென்று ஏறினால் குறை நொதியில் இல்லை. வினைபடு பொருள் மணியின் உட்புறம்வரை போய்ச்சேரவில்லை. மணியைச் சிறிதாக்குங்கள், ஏற்றும் நொதியையும் குறையுங்கள். ஏறவில்லையென்றால், பிணைப்புகள் மிகுந்து நொதி விறைத்திருக்கலாம், அல்லது வினைமையம் மறைந்திருக்கலாம். குளூட்டரால்டிஹைடை 0.5 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பிணைக்கும்போது கேலக்டோஸ் சேர்த்தால் அது வினைமையத்தில் அமர்ந்து காக்கும். பின்னர் கழுவி நீக்கிவிடலாம்.

கேள்வி: மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸுக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: அவ்வளவாகப் பொருந்தாது. மாவுச்சத்து மூலக்கூறு மிகப் பெரியது, நுண்துளைகளுக்குள் நுழையாது. துளையில்லாத நுண்துகளின் மேற்பரப்பில் பிணைத்தால் ஓரளவு பலன் உண்டு. அதே மாவுச்சத்துத் தொழிலில் குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றும் குளுக்கோஸ் ஐசோமரேஸை மட்டும் நிலைநிறுத்தி, 55 முதல் 60 டிகிரியில் நிரல் வழியே பாகை ஓடவிட்டு மாதக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அங்கே உள்ளே போக வேண்டியது சின்னஞ்சிறு குளுக்கோஸ்தான்.